சாப்பிட வாங்க

கூண்டின் கதவைத் திறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நான்கு அணில்களில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

பின்வாசல் படியில் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்தபடி அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு வருடத்தில் முப்பத்தேழு அணில்களை இதே கூண்டிலிருந்து வெளியே விட்டிருக்கிறாள். கூடு கலைந்து விழுந்தவை, பூனை வாயிலிருந்து பிடுங்கப்பட்டவை, மரம் வெட்ட வந்தவர்கள் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து நீட்டியவை. கண் திறக்காமல், விரல் நீளத்தில் சிவந்த தோலோடு வரும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் மூன்று மணி நேரத்துக்கொருமுறை பால் குடித்து வளரும். பிறகு கொட்டை உடைக்கப் பழகி, திரைச்சீலையைக் கிழித்து, அவள் தலைமுடிக்குள் புகுந்து தூங்கி, கடைசியில் வேலியோரம் நிற்கும் இந்த ஆளுயரக் கூண்டுக்கு வந்து சேரும். அங்கே வெயிலும் காற்றும் இரண்டு வாரம் பழகியதும் ஒரு காலையில் கதவு திறக்கும். திறந்த கதவுக்கு முன்னால் பத்து நிமிடம் பொறுமையாக இருந்த அணிலை அவள் பார்த்ததில்லை.

இந்த நான்கும் கூண்டின் மறுமூலையில், வீட்டைப் பார்த்த கம்பிவலையில், ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டிருந்தன. பெரியவன், முட்டைக்கண்ணி, பாதி வாலைப் பூனைக்குக் கொடுத்துவிட்டு வந்த மொட்டைவால், எல்லோருக்கும் அடியில் சின்னது. அவற்றின் மூக்குகள் மட்டும் திறந்த கதவையும் வேலியையும் தாண்டி மரங்களின் பக்கம் நீண்டு துடித்துக்கொண்டிருந்தன.

"என்ன, பேரப்பிள்ளைங்க கிளம்ப மாட்டேங்குதா?" கணவர் பின்னால் வந்து நின்றார். "மூணு வேளையும் ஊட்டி வளர்த்தா எவன் வீட்டை விட்டுப் போவான்? நானே போகலையே."

அவள் சிரித்தாள். ஆனாலும் கண்ணை மரங்களிலிருந்து எடுக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பதைக் காடு என்று சொல்ல முடியாது. யாரோ எப்போதோ வரிசையாக நட்டு, பிறகு விற்கவும் முடியாமல் வெட்டவும் மனமில்லாமல் விட்டுவிட்ட மரங்கள். வரிசை கலைந்து, புதர் மண்டி, பட்ட மரங்கள் சாய்ந்த இடத்திலேயே மட்கிக் கிடந்தன. காலையில் அங்கிருந்து எழும் பறவைக் கூச்சலில் பின்வாசலில் நின்று ஒரு வார்த்தை பேச முடியாது.

இப்போது பேச முடிந்தது. அதுதான் சரியில்லை என்று அவளுக்குத் தாமதமாக உறைத்தது. கணவர் தாழ்ந்த குரலில் பேசியும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. ஒரு குருவிச் சத்தம் இல்லை. காக்கை இல்லை.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். இத்தனை மணிக்குப் புறப்படும் வண்டி இத்தனையாவது தடத்தில் நிற்கிறது என்று கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதே வாக்கியங்கள். அந்தக் குரலில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. வீட்டிலும் அதே குரல்தான் வருகிறது என்பது கணவரின் புகார். "சாப்பாடு தயாராக உள்ளது, பயணிகள் சாப்பாட்டு மேசைக்கு வரவும்" என்று அவளைப்போலவே சொல்லிக் காட்டுவார்.

அணில்களுக்கு மட்டும் வேறு குரல். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி மூன்று முறை சொடுக்குவாள். பிறகு, "வாங்க வாங்க, சாப்பிட வாங்க" என்பாள். வார்த்தைகள் தொண்டையிலிருந்து வராமல் நெஞ்சுக்குள்ளிருந்து கசிவதுபோல இருக்கும். அந்தக் குரல் தன்னிடம் எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியாது.

இரண்டாம் நாள் வேலை முடிந்து வந்ததும் தட்டில் ஆப்பிள் துண்டுகளையும் கொட்டைகளையும் போட்டுக்கொண்டு கூண்டுக்குப் போனாள். வெயில் சாய்ந்து மரங்களின் அடிப்பகுதி இருட்டத் தொடங்கியிருந்தது. நான்கும் அதே மூலையில்தான் இருந்தன. தட்டை வைத்துவிட்டு, கூப்பிடுவதற்காக நாக்கை மேலே ஒட்டினாள்.

டொக். டொக். டொக்.

அவள் இன்னும் சொடுக்கவில்லை.

சத்தம் மரங்களுக்குள்ளிருந்து வந்திருந்தது. அவ்வளவு தூரத்திலும் ஈரமாக, நாக்கும் அண்ணமும் எச்சிலும் உள்ள ஏதோ ஒன்று எழுப்பிய சத்தமாக இருந்தது. மரங்கொத்தியாக இருக்கலாம். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பறவைகள் உண்டு. அப்படி நினைத்துக்கொண்டே கீழே பார்த்தவள், அணில் குவியல் விறைத்து நிற்பதைக் கண்டாள்.

மொட்டைவால் தன்னைப் பிரித்துக்கொண்டு இறங்கியது. தட்டைத் தாண்டி, கதவைத் தாண்டி, தரையில் நடந்தது. முதல்முறை வெளியே வரும் அணில் நடக்காது. ஓடும், உறைந்து நிற்கும், மறுபடி ஓடும், கண்ணில் படும் முதல் மரத்தில் ஏறித் திரும்பிப் பார்க்கும். மொட்டைவால் நேர்க்கோட்டில், அவசரமே இல்லாமல், யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல வேலிக்கு அடியில் நுழைந்து போயிற்று.

அவள் கூப்பிட்டாள். இருட்டும்வரை கூப்பிட்டாள். அது வரவில்லை.

மறுநாள் மாலை அதே நேரத்தில் பெரியவனும் முட்டைக்கண்ணியும் போயின. சின்னதும் இறங்கி வந்தது. அவள் கதவைச் சாத்தினாள். அடுத்த அரை மணி நேரம் சின்னது கம்பிவலையில் மூக்கை இடித்துக்கொண்டே இருந்தது, மூக்கில் ரத்தம் வரும்வரை.

"போனா போகட்டுமே. விடத்தானே வளர்த்தே," என்றார் கணவர்.

"இப்படிப் போகாதுங்க."

"எப்படிப் போகும்?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டவர்போல எழுந்து போய்ப் பல் துலக்கினார்.

விடுமுறை நாளான மறுநாள் காலை, நல்ல வெளிச்சத்தில், அவள் வேலியின் இடைவெளி வழியாக உள்ளே போனாள். காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் மட்டும் கூடவே வந்தது. ஐம்பது அடி போனதும் ஒரு வாசனை எழுந்தது. மழைக்கு முந்தைய மண்வாசனைபோல முதலில் தோன்றியது. பிறகு அதற்குள்ளே வெதுவெதுப்பாக, இனிப்பாக, உள்ளங்கையில் தூங்கும் குட்டியின் வயிற்றை மோந்தால் வருமே, அந்த வாசனை. அவளுக்குப் பசித்தது. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

சாய்ந்து கிடந்த ஒரு மரத்தண்டின் மேல் மூன்றும் இருந்தன.

வரிசையாக, பின்னங்கால்களில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. தலை மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. முன்னங்கால்கள் இரண்டையும் நீட்டி, எதிரே இருந்த காற்றை இறுகப் பிடித்திருந்தன. பத்து வாரம் தினமும் பார்த்த நிலைதான் அது. சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு பால் குடிக்கும் நிலை. பால் மறந்து ஒரு மாதமாகிறது. சிரிஞ்சு வீட்டில் அலமாரியில் இருக்கிறது. ஆனால் மூன்று தொண்டைகளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அந்த நிசப்தத்தில் மெல்லிய உறிஞ்சல் சத்தம் கேட்டது. மொட்டைவாலின் மீசை முடியில் ஒரு வெள்ளைத் துளி திரண்டு, கனத்து, விழுந்தது.

அவள் துப்பட்டாவை விரித்து மூன்றையும் வாரிச் சுருட்டினாள். அவை திமிறவில்லை. கையில் பட்ட வயிறுகள் கல்போல இறுகி உப்பியிருந்தன. வீடு வரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் சருகு நொறுங்கவும் இல்லை.

அவளிடம் குட்டிகளை அனுப்பி வைக்கும் கால்நடை டாக்டர் மதியம் நேரிலேயே வந்தாள். அவளைவிடப் பத்து வயது சின்னவள், எதையும் தமாஷாகவே எடுத்துக்கொள்கிறவள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, வயிற்றைத் தட்டி, "ஜோரா இருக்காங்க அக்கா. உங்களுக்குப் போட்டியா இன்னொருத்தரும் வளர்க்கறாங்க போல," என்றாள்.

"உள்ள யாரும் இல்லம்மா. நான் பார்த்தேன்."

டாக்டர் மொட்டைவாலின் வாயோரத்தைப் பஞ்சால் துடைத்து, மோந்து பார்த்தாள். அப்படியே நின்றாள். பஞ்சு மூக்கருகிலேயே இருந்தது. அவள் உதடுகள் மெல்லப் பிரிந்தன. தலை லேசாகப் பின்னால் சாய்ந்தது.

"என்ன பால்மா அது?"

டாக்டர் திடுக்கிட்டுப் பஞ்சைக் கீழே போட்டாள். குழாயடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். திரும்பி வந்தபோது தமாஷ் எதுவும் மிச்சமில்லை.

"நாலையும் நான் எடுத்துட்டுப் போறேன். ஊருக்கு அந்தப் பக்கம் விட்டுக்கலாம். நீங்களும் கொஞ்ச நாள் இந்த மரங்க பக்கம் போகாதீங்க அக்கா."

"என்னன்னு சொல்லேன்."

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்றாள் டாக்டர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் போன வேகம், ஓட்டத்துக்கு ஒரு மாற்றுக் குறைவு.

அன்று மாலை கூண்டு காலியாகக் கிடந்தது. அவளும் கணவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். ஒருமுறை டயர் வெடித்து இடது காது போய்விட்டது. ஒற்றைக் காதுக்காரருக்குச் சத்தம் கேட்கும், திசை தெரியாது. போன் அடித்தால் வாசற்கதவைத் திறப்பார். அதனால் பேசும்போது எதிராளியின் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவர் பழக்கம். இப்போதும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக். டொக். டொக்.

சமையலறையின் சின்ன ஜன்னல் மரங்களைப் பார்த்திருந்தது. அதன் வழியாக அந்தச் சத்தம் வந்து மேசைமேல் உட்கார்ந்தது. அதன் பின்னால் வார்த்தைகள் வந்தன.

"வாங்க வாங்க. சாப்பிட வாங்க."

அவள் குரல்.

ரொட்டித் துண்டு அவள் கையில் அப்படியே நின்றது. வாய் இறுக மூடியிருந்தது. குரல் கொஞ்சம் பொறுத்திருந்து மறுபடி கூப்பிட்டது. மறுபடி பொறுத்தது. வராத குட்டிக்காக அவள் எவ்வளவு நேரம் காத்திருப்பாளோ, சரியாக அவ்வளவு நேரம். பிறகு குரலில் கவலை சேர்ந்தது. எங்கே போயின என்று தேடுகிற கவலை. வேலிக்கு இன்னும் கொஞ்சம் அருகில்.

பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. குளிர்பெட்டி உறுமி நின்றது.

"என்னங்க," என்றது அது.

கணவரின் கண்கள் அவள் உதட்டைவிட்டு நகரவில்லை. உதடு அசையவில்லை என்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கேட்டுதா?" அவள் கிசுகிசுத்தாள்.

அவர் தலையசைத்தார். முகத்தில் அவள் எதிர்பார்த்த பயம் இல்லை. திருட்டுத்தனமாக ஏதோ தின்று மாட்டிக்கொண்டவரின் முகம்.

"முந்தாநேத்தே கேட்டேன்," என்றார்.

"ஏன் சொல்லலை?"

"நீதான்னு நினைச்சேன்." ரொட்டி விளிம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். "இல்ல. நீ இல்லைன்னு தெரியும். நீ என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாச்சு."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து ஜன்னலைச் சாத்தினாள், கொக்கி போட்டாள், பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு நாற்காலியையும் முட்டுக்கொடுத்து வைத்தாள். மறுநாள் மாலை ஆறு மணி வண்டியில் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று. பகல் பணிக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை, அதை முடித்துவிட்டு வந்துவிடுவாள்.

"நான் கூப்பிட்டா வராதீங்க," என்றாள். "எங்கிருந்து கூப்பிட்டாலும் சரி. நானே வந்து உங்களைத் தொட்டாதான் நான்."

"சரி."

"சத்தியமா."

"சரின்னு சொன்னேனே."

படுக்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது இதமாகச் சொல்ல வேண்டும்போல இருந்தது. இருட்டில் இரண்டு முறை வாயைத் திறந்தாள். வந்தது அறிவிப்புக் குரல்தான். "காலையில பையை எடுத்து வெச்சிடுங்க."

மறுநாள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து தடங்களையும் நேரங்களையும் சொல்லிக்கொண்டிருந்தபோது, தன் குரல் ஒலிபெருக்கியில் போய்க் கட்டடத்தில் மோதித் திரும்புவதைக் கேட்டு ஒலியளவைக் குறைத்துக்கொண்டாள். மதியம் வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தார். பை தயார் என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நீ இப்ப எங்கே இருக்கே?" என்று கேட்டார்.

"நிலையத்துலதான். ஏங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

நாலரைக்கு வீட்டு வாசலில் இறங்கினாள். வெயில் இன்னும் சுவரில் பளிச்சென்று அடித்தது. கூடத்தில் இரண்டு பைகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மேலே மடித்த ஸ்வெட்டர், தண்ணீர் பாட்டில். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. சமையலறையில் நாற்காலி மேசைக்கடியில் அதன் இடத்தில் இருந்தது.

பின்கதவு திறந்திருந்தது.

படியில் அவருடைய செருப்பு. சாப்பாட்டு அறைக்குள் நுழையுமுன் கழற்றி வைப்பதுபோல, ஜோடியாக, ஒழுங்காக.

"என்னங்க," என்று கத்தினாள்.

மரங்களுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. சாந்தமாக, கல்யாணமான புதிதில் இருந்த குரலாக. "வர்றேன், வர்றேன். வந்துட்டேன்."

அவளுக்குச் சொன்ன பதில் இல்லை அது.

ஓடினாள். வேலிக்கம்பி கையைக் கிழித்தது. உள்ளே வெளிச்சம் பச்சையாகத் தடித்திருந்தது. பெயரில்லாத அந்த வாசனை முதல் மரத்திலேயே முகத்தில் மோதியது. வாயெல்லாம் எச்சில். துப்பினாள். மறுபடி ஊறியது. வெறுங்காலின் தடங்கள் சருகில் நேர்க்கோட்டில் போயின. சாய்ந்த தண்டு. அதைத் தாண்டி இன்னும் உள்ளே. இதுவரை அவள் போகாத இடம். மரங்கள் விலகிய ஒரு வட்டம்.

அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

முழங்கால்களை மடக்கி, நிமிர்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து. கண்கள் மூடியிருந்தன. இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால் எதையோ பற்றியிருந்தன. அங்கே எதுவும் இல்லை. தொண்டை ஏறியது, இறங்கியது. சட்டையின் நடுப்பொத்தான்கள் தெறித்துப் போயிருந்தன. வயிறு வெளியே தள்ளி, வெளுத்து, இறுகி. இன்னும் உப்பிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு நாய். அதற்கப்பால் காக்கைகள், பத்திருக்கும், அலகு பிளந்து. பக்கத்துத் தெருவில் இரண்டு மாதமாகத் தேடப்படும் தபால்காரர், பையைத் தோளில் மாட்டியபடி. எல்லோரும் வட்டமாக, நிமிர்ந்து, கண் மூடி. அத்தனை தொண்டைகள். ஒரே உறிஞ்சல்.

தோளைப் பிடித்து உலுக்கினாள். தொட்டாள். நான்தான், நான்தான் என்று சொன்னாள். அவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். வலையில் மாட்டிய பிராணி மனிதமுகத்தைப் பார்க்கும் பார்வை. உதறிக்கொண்டு, வாயை மறுபடி மேலே தூக்கினார்.

மேலே எதுவும் இல்லை. கிளைகள். வானம். ஆனால் அவர் கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத விரல்கள், முகத்தை நேராக்கிப் பிடித்தன.

"மெதுவா," என்றது அவள் குரல், அன்பாக, தலைக்குமேல். "மெதுவா. புரையேறும்."

அவள் பின்னால் நகர்ந்தாள். கால் எதிலோ பதிந்தது. மெத்தென்று. குனிந்து பார்த்தாள். சருகு நீக்கி, மண் தட்டிச் சமமாக்கி, பாசி பரப்பிய ஒரு சின்ன இடம். வட்டத்தில் அது ஒன்றுதான் காலி.

டொக். டொக். டொக்.

பல்லை இறுகக் கடித்தாள். உதட்டை உள்ளே இழுத்து மூடினாள். மூச்சை நிறுத்தினாள்.

சில்லென்று ஒரு கட்டைவிரல் அவள் காதுக்குக் கீழே, தாடைகள் சேரும் இடத்தில் வந்து படிந்தது. மறுபக்கம் இன்னொன்று. அவசரமே இல்லை. அந்த இடம் அவளுக்குத் தெரியும். அடம்பிடிக்கிற குட்டியின் வாயைத் திறக்க, நோகாமல் அழுத்த வேண்டிய இடம்.

அது அழுத்தியது. நோகவில்லை.